ஆமைக்கு வாங்கிய விளக்கு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது எதையாவது கடதாசித் துண்டில் எழுதித் தந்தால் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். வெளியே எடுத்துப் பார்க்கமாட்டேன். துண்டைப் பார்த்துச் சாமான் வாங்குகிற அளவுக்கு எனக்கு இன்னும் மறதி வரவில்லை என்று மனைவியிடம் எத்தனையோ தடவை வீறாப்புப் பேசியிருக்கிறேன். அந்த வீறாப்பால் அவதிப்பட்டது நானல்ல, என் மகள்.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கடற்காற்று வரும் என்று சொல்லித்தான் வீட்டை எடுத்தோம். மறு வருடமே முன்னால் எட்டு மாடி எழும்பி, காற்றையும் வெயிலையும் சேர்த்து மறைத்துவிட்டது. மகளின் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஓர் ஆமை. மீன் கடையில் வாங்கும்போது ஐந்து ரூபாய்க் குற்றியளவு இருந்தது. காதோரம் சிவப்புக் கோடு. இரண்டு வருடத்தில் உள்ளங்கையளவாகிவிட்டது. வீட்டுக்குள் ஆமை வரக்கூடாது என்று குதித்த மனைவிதான் பிறகு அதற்குக் கீரை நறுக்கிப் போடுகிறவளும் ஆனாள்.

ஒருநாள் மகள் ஆமையின் முதுகை விரலால் அழுத்திக் காட்டினாள். கல் மாதிரி இருக்கவேண்டிய ஓடு, நனைந்த கடதாசி மட்டை போல அமுங்கியது. பம்பலப்பிட்டியில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

"வெயில் படாமல்தான் ஓடு இளகுது. ரெண்டு லைட் போடுங்கோ" என்றார் அவர். "ஒண்டு சூட்டுக்கு. பழைய குமிழ் பல்ப் போதும். மற்றது யூவீபீ, அதுதான் வெயிலுக்குப் பதில். ரெண்டும் ஆமை ஏறி இருக்கிற கல்லுக்கு மேல நேர விழவேணும். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம்."

சொன்னதைத் துண்டிலும் எழுதித் தந்தார். துண்டு சட்டைப் பைக்குள் போனது.

சனிக்கிழமை காலை மருதானைக்குப் போனேன். மின்சாரச் சாமான் கடையில் கூட்டம். இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்ற முதலாளியிடம் சிங்களத்தில் யூவீ லைட் ஒன்று கேட்டேன். கடைசி 'பீ' என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"வத்துரட்டத?" என்றார். தண்ணீருக்கா என்று கேட்கிறார்.

எனக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். கந்தோர் உத்தியோகச் சட்டை போட்ட மனிதன் ஓர் ஆமைக்கு விளக்கு வாங்க வந்திருக்கிறான் என்று அவர்களுக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமையும் தண்ணீரில்தானே இருக்கிறது என்று நினைத்து, "ஓவ், வத்துரட்ட" என்றேன். அவர் பென்சில் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் விளக்கை வயரோடு எடுத்துத் தந்தார். தொட்டிக்கென்றே செய்தது என்றார். எனக்குப் பெரிய திருப்தி.

வேலையை நன்றாகத்தான் செய்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். குமிழ் பல்பைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கல்லின்மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்து, சூடு சரியாகும்வரை ஏற்றி இறக்கினேன். குழாய் விளக்கைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு இரண்டு ரப்பர் கிண்ணிகள் இருந்தன. தண்ணீருக்குள் அமிழ்த்துகிற சாமானுக்குத்தான் அப்படி இருக்கும். அதைக்கூட யோசிக்காமல் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, தொட்டி விளிம்புக்கு மேலே கம்பி போட்டு விளக்கைக் கட்டினேன். போட்டதும் நீல வெளிச்சம் அறை முழுதும் பரவியது. போட்டோகொப்பி கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு மணம் வந்தது. "கிருமியெல்லாம் சாகுது" என்று மகளுக்குப் பகிடி விட்டேன். அவள் மேசை தொட்டிக்குப் பக்கத்தில். இடது கன்னத்தில் அந்த வெளிச்சம் விழ, பின்னேரம் முழுவதும் இருந்து ஆமையைப் படமாக வரைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் வந்தாள். "அப்பா, ஆமைக்குக் கண் திறக்கேலாமல் கிடக்கு."

"வெயில் காயுது. சுகத்தில நித்திரை கொள்ளுது" என்றேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவளுடைய கண்களே திறக்கவில்லை. செக்கச்செவேலென்று வீங்கி, தண்ணீர் ஓடியது. "கண்ணுக்குள்ள மண் போட்ட மாதிரி இருக்கம்மா" என்றாள்.

"கண்நோய்! பள்ளிக்கூடத்தில பரவுதாம்" என்றாள் மனைவி. எங்களுக்கு அதற்குமேல் வைத்தியர் எதற்கு? கண்நோய் என்றால் என்ன செய்வதென்று எங்கள் வீடுகளில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். துவாய் வேறு, தலையணை வேறு. அவள் கண்ணை யாரும் நேரே பார்க்கக்கூடாது, பார்த்தால் தொற்றும். ஆளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தவேண்டும். நானே சாத்தினேன். சாப்பாட்டுத் தட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினேன். அப்படித் திருப்பாமல் ஒருதரமாவது என் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருந்தால் ஒரு கன்னம் மட்டும் வெந்து சிவந்திருப்பது தெரிந்திருக்கும்.

உள்ளேயிருந்து கேட்டாள். "அப்பா, இந்த நீல லைட்டை நூக்கட்டோ? கண் கூசுது."

"வேண்டாம் பிள்ளை. பத்து மணித்தியாலம் எரியவேணும் எண்டு டொக்டர் சொன்னவர். நீங்க கண்ணை மூடிக்கொண்டு படுங்கோ."

அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. திங்களும் செவ்வாயும் அந்த வெளிச்சத்தில், சாத்திய கதவுக்குள், நான் சொன்னபடி கிடந்தாள். செவ்வாய் பின்னேரம் வலி தாங்காமல் தலையைச் சுவரில் முட்டத் தொடங்கினாள். அவசரமாகக் கண் வைத்தியரைச் சனல் பண்ணி நேரம் எடுத்து, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனோம்.

அந்த டொக்டர் அம்மா கண்ணுக்குள் மஞ்சள் மருந்து விட்டு, கருவியால் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை எங்கயும் வெல்டிங் அடிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டவவோ?"

எனக்கு உடனே பிடி கிடைத்தது. பக்கத்துக் காணியில் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். "அவங்கள்தான் டொக்டர்! ஒரு மறைப்புக் கட்டுறதில்லை. நாளைக்கே மாநகரசபைக்கு எழுதிறன்" என்று கத்தினேன். வெளியே இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அப்பா" என்றாள் மகள், கண்ணை மூடியபடியே. "ஆமைக்கும் இப்பிடித்தான். ஞாயிற்றுக்கிழமையே சொன்னனான்."

டொக்டர் எந்த ஆமை என்று கேட்டார். பிறகு எந்த லைட் என்று கேட்டார். நான் சொல்லச்சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது தண்ணியில கிருமி கொல்லுற லைட். மூடின குழாய்க்குள்ள எரிக்கவேணும். அதுக்கு முன்னால மூண்டு நாள் இந்தப் பிள்ளையை வச்சிருந்தனீங்களோ?"

வைத்திருந்ததோடு கதவையும் சாத்தியிருந்தேன். டொக்டர் மருந்து போட்டு இரண்டு கண்ணையும் கட்டினார். இரண்டு நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்துத்தான் பார்வையைப் பற்றி எதுவும் சொல்லமுடியும் என்றார்.

அந்த இரண்டு நாளும் நான் கந்தோருக்குப் போகவில்லை. மனைவி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கடைக்காரன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், அது ஒட்டவில்லை. அந்த மனிதன் சரியாகத்தான் கேட்டான். குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மகளுக்குச் சோறு தீத்தும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: ஆமை சாப்பிட்டதா என்று.

கட்டை அவிழ்த்தபோது மகளுக்குக் கண் தெரிந்தது. ஆமைக்கு ஒரு கண் திறந்தது. மற்றது வெள்ளை பூத்து நின்றுவிட்டது. ஆனால் ஓடு இன்னும் இளகிக்கொண்டுதான் இருந்தது. மிருக வைத்தியரையே கூட்டிக்கொண்டு போய் அவர் கையால் எடுத்துத் தந்த விளக்கை வாங்கி வந்தேன். அதைப் பூட்டி முடித்து, மகளைக் கூப்பிட்டேன். அவள் அறைக்குள் வரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"இது சரியான லைட் குஞ்சு. வாங்கோ" என்றேன்.

"முதல்ல நீங்க இருந்து பாருங்கோ அப்பா."

அவள் குரலில் கோபம் இல்லை. வெளியே வாளிக்குள் வைத்திருந்த ஆமையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அவளுடைய சின்னக் கதிரையில், இடது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டியபடி பின்னேரம்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை நான் எழும்ப முதலே கட்டிலடியில் வந்து நின்றாள். விரலால் என் இமைகளை விலக்கி, ஒரு கண்ணையும் மற்றக் கண்ணையும் வடிவாகப் பார்த்தாள். பிறகு போய் வாளியிலிருந்த ஆமையைக் கல்லில் வைத்து, சுவிட்சைத் தானே போட்டாள்.