ஏரியைத் திட்டுகிறவள்

கணுக்கால் நனைந்ததுமே கொரினா திட்டத் தொடங்கிவிடுவாள். "வந்துட்டேன், சனியனே. இன்னைக்காவது என்னைக் கொஞ்சம் தூக்கி விடுவியா?" ஹாசல்பாக் ஏரி பதில் சொல்வதில்லை, அந்த ஊர்க்காரர்களைப் போலவே அதுவும் காலையில் வாய் திறக்காது. பிறகு அவள் நீந்துவாள். நீந்துவாள் என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். வாத்துகள் அவளைத் தாண்டிப்போய், ஐயோ பாவம் என்று திரும்பிப் பார்க்கும் என்கிறார்கள். வடிகட்டின பொய். தாண்டும், திரும்பிப் பார்க்காது. ஏரி உறைந்துகிடந்த மாதங்களில்கூடப் பனிக்கட்டிமேல் நின்று திட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள்.

வேலை, புகைபோக்கிகளில் தூரிகை விட்டுக் கரி எடுப்பது. கரிக்காரியைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது அங்கே நம்பிக்கை. அதனால் கறுப்பு உடுப்போடு தெருவில் இறங்கினால், பரீட்சைக்குப் போகிற பெண்ணிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வரை அவளுடைய பித்தளைப் பொத்தானைத் தொடாமல் விடமாட்டார்கள். "தொட்டுக்கோ, தேஞ்சா போயிடும்" என்பாள். பொத்தான் தேய்ந்துதான் போயிருக்கிறது.

ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று நடக்கும் டூயத்லானில் அவளை அடிக்க ஆளில்லை. ஏணி ஏறி உரமேறிய கால்கள். ஜெர்மனியின் சாம்பியன் பட்டம் இருமுறை அவளுக்கே வந்தது. ஆனால் முதல் ஓட்டத்தை எடுத்துவிட்டு நீச்சலை வைத்தால் அது டிரையத்லான், அங்கேதான் வினை. சொந்த ஊர்ப் போட்டியை அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பவள் ரொட்டிக்கடை சில்கே, மீனுக்குப் பிறந்தவள். வெற்றி மாலையைக் கடைவாசலிலேயே மாட்டிவைப்பாள். காலை ரொட்டிக்குக் கொரினா அதன்கீழ் குனிந்துதான் நுழைய வேண்டும்.

"பார்த்து வாடி, மாலை கலைஞ்சிடப்போகுது."

"உன் ரொட்டி மாதிரியே காஞ்சு கிடக்கு. இனிமே என்ன கலையப்போகுது?"

போன கோடையில், போட்டிக்கு முந்தின நாள், பீர் மேசையில் கொரினா அறிவித்தாள்: "இந்தத் தடவையும் தோத்தா ஏரிப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். டூயத்லானோட சரி."

மறுநாள் கரையில் போட்டியாளர்கள் வரிசையாக வந்து அவள் தோளைத் தொட்டுக்கொண்டார்கள். சில்கே மட்டும் தொடவில்லை. "இருக்கிற அதிர்ஷ்டத்தையெல்லாம் ஊருக்கு வாரிக் கொடுத்துட்டு, நீ எதை வச்சுடி நீந்துவ?"

கொரினா திட்டிக்கொண்டே நீந்தினாள். பாதி வசவு தண்ணீரோடு வயிற்றுக்குள் போயிற்று. எப்போதும் கடைசியாகக் கரையேறுகிறவளுக்குப் பின்னால் இந்த முறை இன்னும் சில தலைகள் மிதந்தன. நம்பாமல் இருமுறை திரும்பிப் பார்த்தாள். அதன்பின் சைக்கிள். மேட்டுச் சாலையில் அவள் போன வேகக் காற்றில், வேடிக்கை பார்த்தவர்களின் தட்டில் சுடச்சுட இருந்த தொத்திறைச்சி ஆறிப்போனதாம். உச்சிவேளை என்பதால், கடந்த ஒவ்வொருவருக்கும் ஊர் வழக்கப்படி "நல்லா சாப்பிடுங்க" என்று முகமன் சொல்லிக்கொண்டே போனாள். கடைசி ஓட்டத்தில், தேவாலயத் திருப்பத்தில், முன்னால் ஒரே ஒரு முதுகுதான் மிச்சம்.

"நல்லா சாப்பிடு, சில்கே."

"போய்த் தொலைடி" என்றாள் சில்கே, மூச்சு வாங்க. சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

கொரினாவின் கழுத்தில் மாலை விழுந்ததும் ஊரே பீர்க் குவளைகளோடு அவளைத் தேடியது. அவள் ஏரிக்கரையில் இருந்தாள். காலணியைக்கூடக் கழற்றாமல் கணுக்கால்வரை இறங்கி, வாய் திறக்காமல் குனிந்து, ஒற்றை விரலால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டாள்.