ஐந்தருவி லைன்

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆவுடைத்தாயோடு வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் தினம் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன். கீழப்பாவூர்க்காரி, விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். எண்பதுகளின் தொடக்கத்தில் புது போர்டு வந்தபோது இன்ஜினியர் நெல்லையப்பனையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அப்போது எங்களிடம் லைன்களை இணைக்கிற போர்டுகள் மூன்று. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பழக ஒன்று. அதிலிருந்து கம்பி எதுவும் வெளியே போகாது. சோதனைக்காகப் பின்னறையில் நிறுத்தியிருந்த புது போர்டு. அதில் எந்த லைனைக் கூப்பிட்டாலும் அந்த அறையின் மணிதான் அடிக்கும். ஹாலில் ஊரோடு பேசும் பழைய போர்டு. மூன்றிலும் லைன்களுக்கு வேறு வேறு பெயர் எழுதினால் குழப்பம் வராது என்றார் நெல்லையப்பன்.

“அவசரத்துல கை பழகின இடத்துக்குத்தான் போவும் சார். பேரு எல்லாத்துலயும் ஒண்ணாவே இருக்கட்டும். பின்னால கம்பிய மாத்துறது நம்ம வேலை,” என்றாள் ஆவுடைத்தாய்.

அவர் சரி என்றுவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று இன்றுவரை தோன்றுகிறது.

சோதனை முடிந்து, ஹாலில் பழைய போர்டை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குப் புது போர்டு வந்தது. ஒவ்வொரு கம்பியாக வெளி லைனுக்கு மாற்றி, மணி அடித்துப் பார்த்தோம். ஐந்தருவி போலீஸ் அவுட்போஸ்ட் மட்டும் பாக்கி. அங்கே மணி அடித்தால் வெள்ளம் என்று அர்த்தம். குளிக்கிற கூட்டம் முழுவதையும் வெளியேற்றிவிடுவார்கள். சாரல் காலத்தில், ஆசையாக வந்தவர்களை எண்ணெய்த் தலையோடு கரையேற்றிவிட்டுச் சும்மா பார்த்தோம் என்று சொல்ல முடியுமா? கூட்டம் குறையட்டும் என்று ஆவுடைத்தாய்தான் தள்ளிப்போட்டாள். அவள் தம்பி மாடக்கண்ணுவும் அங்கேதான் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தான். அவன் பிழைப்பில் ஏன் மண்ணைப் போடவேண்டும் என்றும் நினைத்திருப்பாள். சீசனில் ஐந்தருவியில் கூட்டம் என்றைக்குக் குறைந்தது? கம்பி பின்னறை மணியிலேயே கிடந்தது.

ஒரு மத்தியானம் மலைமேல் எஸ்டேட்டிலிருந்து ஃபோன் வந்தது. காட்டாறு பெருகி இறங்குகிறது என்றார்கள். ஆவுடைத்தாய் ‘ஐந்தருவி’ என்று எழுதிய துளையில் கார்டு வயரைச் செருகி விசையை இழுத்தாள். கை கொஞ்சமும் தப்பவில்லை. பின்னறையில் மணி கணகணவென்று அடித்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கம்பியை மாற்ற நேரமேது? அருவிக்குப் பக்கத்து லாட்ஜைக் கூப்பிட்டாள். மேனேஜர் முகம்மது மீரான் எடுத்தார்.

“பாய், வெள்ளம் வருது. ஓடிப்போய் எல்லாரையும் மேல ஏத்துங்க. என் தம்பி அங்கன நிக்கான்.”

அந்த நல்ல மனுஷர் ரிசீவரைத் திரும்ப வைக்கக்கூட நிற்கவில்லை. லைனில் வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லோரும் கரையேறிய பிறகுதான் செம்மண் தண்ணீர் வந்ததாம். நெல்லையப்பன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே நின்று கம்பியை மாற்றவைத்தாள். மணி அடித்துப் பார்ப்பது மட்டும் பாக்கி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் வடிந்து மறுபடி குளிக்க விட்டிருந்தார்கள். ஐந்தருவியில் எள் போட்டால் எள் விழாது. ஆவுடைத்தாய் அதே துளையில் கார்டு வயரைச் செருகி விசையை இழுத்தாள். பின்னறை பேசாமல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவுட்போஸ்ட் ஏட்டு லைனில் வந்து கத்தினார். இல்லாத வெள்ளத்துக்கு அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டாராம். ஈரத்துணியோடு எல்லோரும் அவரைத் திட்டுகிறார்களாம். யாரிடமும் தோற்காதவள் அவ்வளவையும் கேட்டுக்கொண்டாள்.

“மணி அங்கன அடிக்குதான்னு பாத்தேன்யா,” என்றாள் கடைசியில். “எண்ணெய் தேய்க்கிற மாடக்கண்ணு வெளிய வந்துட்டானா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”