மோனிஷா அமுத்தின சிவப்புப் பட்டன்

எங்க டையிங் யூனிட்டுல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து சாய மிஷினுகளை ஓட்டறவ மோனிஷா. அவிநாசிபாளையத்துப் புள்ள. ஸ்கூட்டியப் பூட்டீட்டு நாலடி போனதும் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பாப்பா. "ஏங்கண்ணு, அதுக்குள்ள எவன் தூக்கீட்டுப் போயிருவான்?"னு மிஷின் ரிப்பேர் பாக்கற ஃபிட்டர் நான் கேலி பண்ணுவேன். அப்படிப்பட்டவளே அன்னிக்கு ஏமாந்துட்டா.

சாஃப்ட்வேர் மாத்திட்டிருந்த வாரம் அது. மிஷினை ஓட்டறது பழைய வெர்ஷன். புதுசை இன்ஜினீயர் ரெண்டு தடவை தொறந்து வெச்சுட்டுப் போயிட்டான். ஒண்ணு சும்மா கை பழக, அதுல காட்டறதெல்லாம் பொய். இன்னொண்ணு பழசு காட்டறதையே காட்டிட்டிருக்கும், மிஷினைத் தொடாது. ஆக, ஸ்கிரீன்ல மூணு. மூணுக்கும் ஒரே மூஞ்சி, ஒரே கலர். பேரையாச்சும் மாத்தி எழுதித் தொலைச்சிருக்கலாம்.

ரெண்டாம் நம்பர் மிஷின்ல துணி முறுக்கிக்கிச்சு. தண்ணிய வடிச்சுட்டு உள்ள எறங்கித்தான் அறுத்தெடுக்கோணும். ப்ரோகிராம்படி அடுத்து அதுக்குள்ள கொதிதண்ணி தானா வரும். கையால அடைக்கிற வால்வு துருப்புடிச்சுக் கெடக்குது, மொதலாளிகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். கம்ப்யூட்டர்ல லாக் போட்டு அந்தத் தண்ணிய நிறுத்துனாத்தான் உசுருக்குக் காவல்.

"போட்டாச்சா கண்ணு?"

"போட்டாச்சுங்ண்ணா, எறங்குங்க."

எறங்கிட்டேன். மேல அவ வழக்கம்போல லாக்கை இன்னொருக்காப் பாத்திருக்கா. லாக் விழுந்திருக்கு. ஆனா மிஷின் நெறையத் தண்ணின்னு காட்டுது. ஆள் நிக்கற மிஷின்ல தண்ணி ஏது? பழகற வெர்ஷன்ல போட்டுட்டோம்னு அப்பத்தான் உறைச்சிருக்கு. இதெல்லாம் பின்னால அவ சொன்னது.

மிச்சம் ரெண்டு. ரெண்டுலயும் மிஷின் காலி. ரெண்டுலயும், கொதிதண்ணிக்கு இன்னும் அரை நிமிஷம். பாஸ்வேர்டு அடிச்சு லாக் விழவே அவ்வளவு நேரம் புடிக்கும், ஒண்ணுலதான் போட முடியும். எது நெசம்? கத்துனா இந்தச் சத்தத்துல எனக்குக் கேக்காது. ஓடியாந்தாலும் எட்டாது. செவுத்துல ஒரு சிவப்புப் பட்டன் இருக்கு. அமுத்துனா எல்லா வால்வும் மூடி, ஹாலே நின்னுரும். ஓடிட்டிருக்கிற அத்தனை மிஷின் துணியும் சாயம் சரியா ஏறாம திட்டுத் திட்டாயிரும். வேலை போயிரும்னு தெரிஞ்சுதான் அமுத்துனா.

சத்தமெல்லாம் ஒரேயடியா அடங்குச்சு. என்னடான்னு நான் தலைய நீட்டுனா, அவ படியில தடதடன்னு ஓடியாறா. "ஏறுங்ண்ணா, லாக் விழலீங்ண்ணா"ன்னு கையப் புடிச்சு இழுக்கறா, அழறா. வெளிய வந்து நின்னதும் எனக்குக் கெட்ட கோவம் வந்துச்சு, யார்மேல காட்டறதுன்னுதான் தெரியல.

மொதலாளி தனபால் வந்தாரு. துணியப் பாக்கப் பாக்க அவரு மூஞ்சி கறுத்துப்போச்சு. ஸ்கிரீன் முன்னால அவளை நிறுத்திக் கேட்டாரு.

"ஏம்மா, ஒரு மிஷினுக்காக இத்தனையும் நிறுத்துவாங்களா? மிச்சம் இருந்தது ரெண்டுதான? சரின்னு தோணுனதுல லாக்கைப் போட்டிருக்கலாமில்ல?"

மோனிஷா கண்ணைத் தொடச்சுட்டு அவரை நிமிந்து பாத்தா.

"சரின்னு தோணுனதுலதானுங்க மொதல்லயும் போட்டேன்."