நிறம் சொல்லாத இலை

திருத்தங்கலில் நான் கலர் சேர்க்கும் வேலை பார்க்கும் அச்சகத்துக்குச் சுவர்ப்படம் அடிக்க வந்தார் அந்த அம்மா. ஆதிகாலப் புதைபடிவங்களை ஆராய்கிறவர். வெயிலில் கறுத்த முகம், பாதி நரைத்த தலை. பேசும்போதெல்லாம் அவருடைய ஆட்காட்டி விரல் உள்ளங்கையில் ஓர் இலையின் நரம்புகளை வரைந்துகொண்டே இருக்கும்.

அவர் தந்த படத்திலும் பாறையில் பதிந்த இலை ஒன்று இருந்தது. காலண்டர் அடித்துப் பழகிய எங்களுக்கு எதையும் வெறுமையாக விட மனசு வராது. கேட்காமலே பளிச்சென்று பச்சை ஏற்றி, மாதிரித் தாளை நீட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "இது இலை இல்லங்க. மரஞ்செடி வர்றதுக்கு ரொம்ப முந்தி, வெளிச்சமே எட்டாத கடலடியில இருந்தது. பச்சைக்கு வெளிச்சம் வேணும்ல?"

"அப்ப பிராணியா மேடம்? சொல்லிட்டீகன்னா அதுக்கேத்த கலர் போட்ருவேன்."

"வாயும் இல்ல, வயிறும் இல்ல. நீ யாருன்னு இத்தனை வருசமா நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொல்ல மாட்டேங்குது." விரல் நின்றுவிட்டது. "கல்லு நிறத்துலயே விட்ருங்க. தெரிஞ்ச அன்னைக்கு நானே வந்து கலர் சொல்றேன்."

அப்படியே அடித்துக் கொடுத்தோம்.

காலண்டர் சீசன் முடிந்ததும் பழைய அச்சுப் பிளேட்டுகளை எடைக்குப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். அந்தப் படத்தின் பிளேட்டை மட்டும் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். முதலாளி கேட்டால், "ஆர்டர் வரும் அண்ணாச்சி" என்கிறேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றால் இன்றும் அந்த அம்மாவா என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன், என்ன நிறம் என்று கேட்க.