ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்தோம்

"ஒங்காத்தா மில்லு வேலைய விட்டா, கரண்டு கொண்டுக்கிட்டுப் போச்சு. நீ கவர்மெண்டு வேலைய விட்டா எது கொண்டுக்கிட்டுப் போகப்போகுதோ, தாயி."

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது பெரியப்பா இதைச் சொன்னார். பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு அம்மாவின் மாவரைக்கும் கடையை நானே நடத்தட்டுமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். அப்பா இல்லாமல் போன பிறகு அம்மாவுக்கு மில் வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். அவருக்கு அந்தப் பயம் இருக்கக் கூடாதென்று யாரும் சொல்ல முடியாது.

அம்மா கொட்டாம்பட்டிக்கு அருகே, சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத குடும்பத்தில் பிறந்தார். நடவுக்கும் கடலை பறிக்கவும் போய் வளர்ந்தார். எழுத்தறியார். மணமாகி மதுரைக்கு வந்த ஆறாம் ஆண்டில், லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அப்பா காலமானார். எனக்கு அப்போது நான்கு வயது. நூற்பாலையில், நூலைச் சுற்றிக் கண்டு போடும் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் நின்றபடியே அம்மா வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி., பி.எட். என்று என் பெயருக்குப் பின்னால் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் அவர் நின்ற நேரம்.

நான் கல்லூரியில் இருந்தபோது, நிரந்தரமான அந்த வேலையை அம்மா விட்டார். ஷிப்டு முடிந்து போகும் பெண்கள் வீட்டில் மறுபடி ஆட்டுக்கல்லின் முன் உட்காருவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கே.கே. நகருக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கிரைண்டரை வைத்தார். ஊறவைத்த அரிசியைக் கொண்டுவந்தால் அரைத்துக் கொடுப்பார்.

மில் தோழிகள் சிரித்தார்கள். "பென்சன் வர்ற வேலைய விட்டுட்டு, ஊரு அரிசிக்குக் காவல் இருக்கப்போறாளாம்." ஒரே ஆண்டில் அவர்களே தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றார்கள்.

அந்த கிரைண்டர் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இழுக்கும். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"மதினி, ஒங்க மிசினு ஆளயும் கிள்ளுதே" என்று எதிர்வீட்டு அக்கா கேட்பார்.

"கடன் சொல்றவளத்தேன் கிள்ளும். ஒன்னய எதுக்குக் கிள்ளுச்சுன்னு நீயே யோசிச்சுக்க" என்பார் அம்மா.

சிரித்துச் சிரித்தே அது எங்களுக்குப் பழகிப்போனது. அம்மா ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நின்று அரைத்தார். என்னை மட்டும் அருகில் விடமாட்டார்.

சென்ற ஆண்டு ஆடி பிறந்ததும் இழுப்பு கூடியது. மோட்டார் ஓடும்போது பல்பு மங்கிச் சிவந்தது. சிந்திய அரிசித் தண்ணீரை நக்க வரும் பூனை, வாசற்படியோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. வயர்மேன் அண்ணன் வந்து பார்த்தார். "எர்த் இல்லக்கா. வெளிய ஒரு குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டுக் கம்பி எறக்கணும். அம்புட்டுத்தேன். ஆனா ஒடனே செஞ்சுருங்க."

வீட்டுக்காரம்மா தயங்கினார். "ஆடியில வீட்டு மண்ணத் தோண்டுனா ஆகாதுக்கா. ஆவணி பொறக்கட்டும், தாராளமாத் தோண்டுங்க."

அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. "அஞ்சு வருசம் ஓடிருச்சு. இந்த இருவது நாள்ல என்னாத்தா வந்துறப் போகுது?" என்றார்.

நான் அறிவியல் ஆசிரியை. அதற்கு முந்தைய மாதம்தான் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் அந்தக் குழியைப் படமாக வரைந்து, உப்பு எதற்கு, கரி எதற்கு என்று நடத்தியிருந்தேன். வீட்டில் நான் ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. ஆடியில் தோண்டி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எனக்குள்ளும் ஒரு மூலையில் இருந்தது. இதை எழுதாமல் அம்மாவைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆவணிக்கு மூன்று நாள் இருந்தது. விடியற்காலையில் பெய்த மழையில் முன்னறைத் தரை ஊறிக் கிடந்தது. பலகையும் ஊறியிருந்தது. மாவை வழிக்கக் குனிந்த அம்மாவின் கை, கிரைண்டரை விட்டு வரவில்லை. பால் ஊற்ற வந்த பால்கார அண்ணன் உலக்கையால் கையைத் தட்டிவிட்டு மெயினை அணைத்தார். பள்ளிக்குச் செய்தி வந்தபோது நான் இரண்டாம் பாடவேளையில் இருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தக் குழியைத் தோண்டினோம். உப்பு மூட்டையை வீட்டுக்காரம்மாவே தூக்கி வந்தார். இரண்டு மணி நேர வேலை.

இந்த ஓராண்டும் பள்ளிக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் கடையை நடத்தினேன். மோட்டாரைப் போட்டதும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிரைண்டரைத் தொடுகிறேன். சத்தம் சற்று மாறினாலும் நிறுத்திவிடுகிறேன். இந்தப் பயம் போகுமென்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று மெயினை அணைத்த பால்கார அண்ணனுக்கும், பெரிய ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், ஒரு வாரம் என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்த சக ஆசிரியைகளுக்கும், எல்லாச் செலவையும் கேட்காமலே ஏற்ற பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியப்பாவுக்கு ஒன்றை நேரில் சொல்லத் துணிவில்லாமல் இங்கே சொல்கிறேன். என் ராஜினாமாவைத் தலைமையாசிரியை சென்ற வாரம் வாங்கிக்கொண்டார். ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொரு கடை பிடித்து, இரண்டு கிரைண்டர்களை இறக்கியாயிற்று. அம்மாவோடு கண்டு போட்ட இரண்டு அக்காமார், என் பேச்சை நம்பி வேலையை விடுவதாக மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். இருவருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை மில் சங்கு ஊதியபோது, அவர்கள் என் கடையில் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.