உறைந்த ஆற்றில் பிறந்தவர்

மாமி மேடையில் ஏறியபோது, ஒலிவாங்கியைத் துடைக்க வந்திருக்கிறார் என்றே மண்டபத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்த அவர் ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு "பொன்சுவா" என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொன்னார். முன்வரிசையில், சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

எண்பதுகளில் மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்த மாமி, பிரெஞ்சு பேசும் இல்-பிசார் என்ற ஆற்றுத் தீவில் அந்தக் கிழவரின் வீட்டிலேயே தங்கிச் சமைத்து அவரைப் பராமரித்து வந்தார். நகரத்தில் கோட்-டெ-நெய்ஜில் குடியிருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்ரோவும் பஸ்ஸும் மாறி அங்கே போவேன். ஒவ்வொரு கோடையின் முடிவிலும் தீவுக்காரர்கள் தேவாலய மண்டபத்தில் கூடி ஊரின் பழங்கதைகளைச் சொல்வார்கள். கடைசிக் கதை எப்போதும் கிழவருடையது. அவர் பிறந்த கதை. வருடம் முழுவதும் அதை மாமியிடம்தான் சொல்லிப் பார்ப்பார். மாமி பிரெஞ்சு படித்ததே அந்தக் கதையில்தான். குதிரைச் சேணத்துக்கும் பிரசவ வலிக்கும் சொல் தெரிந்தவருக்கு பஸ் ரிக்கெற் கேட்கத் தெரியாமல் இருந்தது.

அந்த வருடம் கிழவரைப் பாரிசவாதம் தாக்கியது. பேச்சு போய்விட்டது. அவருடைய கதையை விட்டுவிடலாம் என்று ஊரார் தீர்மானித்தார்கள்.

"நான் சொல்லுறன்" என்றார் மாமி.

"பிழை விட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"சிரிப்பாங்க. சிரிக்கிற கதைதானே மகள்."

அன்று மேடையில் மாமி சொல்லத் தொடங்கினார். கிழவரின் தாய் தலைப்பிரசவத்துக்காக, உறைந்த ஆற்றின் மேல் குதிரைவண்டியில் எதிர்க்கரையான லவாலுக்கு, தன் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறாள். நடு ஆற்றில் வலி எடுக்கிறது. பயந்துபோன கணவன் வண்டியைத் திருப்புகிறான். திருப்பும்போதே பிள்ளை பிறந்துவிடுகிறது. பிள்ளை எந்தக் கரைக்குச் சொந்தம் என்று இரண்டு ஊரும் சண்டை பிடிக்கின்றன. குதிரை எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ, அந்த ஊருக்குத்தான் பிள்ளை என்று பாதிரியார் தீர்ப்புச் சொல்கிறார். "குதிரை தீவைப் பார்த்து நின்றது" என்று மாமி முடித்தார்.

பின்வரிசையில் லவால்காரர் ஒருவர் எழுந்தார். "லவாலைத்தான் பார்த்து நின்றது! எங்கிருந்தோ வந்த இந்த அம்மாவுக்கு என்ன தெரியும்?"

பதில் சொல்ல மாமியிடம் பிரெஞ்சு இருக்கவில்லை. அந்தக் கதையில் இல்லாத சொற்கள் அவருக்குத் தெரியாதவை.

அப்போது கிழவர் இடது கையால் நாற்காலியில் ஓங்கி அடித்தார். முகம் சிவக்க, வாய் கோணி, மாதக்கணக்கில் வராத குரலை இழுத்து வெளியே எடுத்தார். "இல்!"

பிரெஞ்சில் அதற்குத் தீவு என்று பொருள். கூரை அதிரும்படி கைதட்டினார்கள். எழுந்து நின்ற அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே தட்டினார். மேடையிலிருந்து இறங்கி வந்த மாமியின் கையைக் கிழவர் பிடித்து, தோற்றவருக்கு முன்னால் உயர்த்திக் காட்டினார்.

அதன் பிறகு, மாமி இருந்த வரைக்கும், கடைசிக் கதையை அவரே சொன்னார். இன்று அந்தத் தீவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தீவுக்காரர் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் யாரையும் கேட்பதில்லை. மாமி முதன்முதல் கதை சொன்ன அன்றிரவு கிழவரைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பும்போது நான் கேட்டேன். "உண்மையா அந்தக் குதிரை எந்தப் பக்கம் பார்த்து நிண்டது மாமி?"

மாமி நடையை நிறுத்தவேயில்லை.

"நம்மட பக்கம்தான். வேற எங்க பார்க்கும்?"