நெமிலிச்சேரி வழியாகச் சிங்கப்பூர்

உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் ஒன்று கையில் காசு இருக்க வேண்டும், இல்லையென்றால் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது சமையல்தான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கேண்டீனில் நான் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏஜெண்ட் ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். ஒருநாள் வேலை கிடைத்தே விட்டது.

அப்பா ஆவடி ஃபாக்டரியில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். என்னையும் ஃபாக்டரிக்குள் நுழைத்துவிட வேண்டும் என்று அதுவரை அடம்பிடித்தவர், கப்பல் என்றதும் என்னைவிட அதிகமாகத் துள்ளினார். ஷிப்டு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். புறப்பட்ட அன்று அம்மா ஆரத்தி சுற்றினாள். அப்பாவின் கூட்டாளிகள் ஆவடி ஸ்டேஷன் வரை மேளத்தோடு வந்து, கழுத்து வலிக்கிற அளவுக்கு மாலை போட்டார்கள். அம்மா அழுத அழுகையில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

அப்பா, அம்மா, நான் மூவரும் துறைமுகத்துக்குப் போய் நின்றால், அங்கே கப்பல் இல்லை. பம்பாயில் ரிப்பேருக்கு நிற்கிறதாம். "வந்தா சொல்லியனுப்பறோம், ஊட்டுக்குப் போங்க" என்றார் ஏஜெண்டின் ஆள், ஏதோ கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்ட மாதிரி.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். போனவன் பாதியில் திரும்பினால், வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும், அப்போதுதான் போகிற காரியம் கெடாது என்பது எங்கள் வழக்கம். "வந்து ஒரு வா தண்ணி குடிச்சிட்டுப் போவட்டும்யா" என்றாள்.

"மேளம் அடிச்சி அனுப்பினவங்க மூஞ்சில எப்புடிடீ முழிப்பேன்?" என்றார் அப்பா. "கப்பல் வர்ற வரிக்கும் இவன் ஊட்டுப் பக்கம் வரக்கூடாது."

இப்படித்தான் நான் வெளிநாட்டுக்குப் புறப்பட்டு நெமிலிச்சேரியில் இறங்கினேன். ஆவடியைத் தாண்டிச் சில மைல் தள்ளி இருக்கிற அந்த ஊரில் பெரியம்மா வீடு இருந்தது. திடீரென்று ஒரு தடிப்பயல் வந்து உட்கார்ந்திருக்கிறானே என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோது, அவசரத்தில் பெரியம்மாவுக்குத் தோன்றியது மஞ்சள் காமாலைதான். அவ்வளவுதான், எனக்குப் பத்தியம் ஆரம்பித்தது. எதிர்வீட்டு அம்மாள் தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நகராமல் நிற்பாள். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது, வெறும் மோர்ச்சோறு. கப்பல் முழுக்கச் சமைத்துப் போடப் போனவனுக்கு வந்த கதி.

வார லீவில் அப்பா வருவார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். ஆவடியில் பார்ப்பவர்கள் எல்லாம், பையன் இப்போது எங்கே என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் எங்க கீறேன் நைனா?" என்று நானே கேட்பேன்.

"சிங்கப்பூரு. நேத்துதான் போய்ச் சேர்ந்த."

"அங்க இன்னா பண்றேன்?"

"இன்னா பண்ணுவ, சமைப்ப. அடுத்து ஜப்பானு அனுப்பலாம்னு கீறேன்."

"அவ்ளோ தூரம் வேணா நைனா. திடீர்னு கப்பல் வந்துட்டா குழப்பமா பூடும்."

அவர் யோசித்துவிட்டு, சரி, சிங்கப்பூரிலேயே இன்னும் கொஞ்ச நாள் இரு என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் வராமலே போனால் அப்பா ஃபாக்டரிக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? நான் எந்த ஊரிலிருந்து, எந்த முகத்தோடு திரும்பி வருவேன்? கீழாநெல்லி குடித்துக் குடித்து எனக்கு உண்மையிலேயே காமாலைதானோ என்று வேறு சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியில் கண்ணைப் பார்த்தால் மஞ்சளாகத் தெரிகிற மாதிரியும் இருக்கும், தெரியாத மாதிரியும் இருக்கும். அம்மா வரவே இல்லை. அவள் புறப்பட்டால் எங்கே போகிறாய் என்று குவார்ட்டர்ஸே கேட்கும் என்று அப்பா தடுத்திருந்தார்.

கடைசியில் கப்பல் வந்துவிட்டது. அப்பா ஓடிவந்து சொன்னார். இந்தத் தடவை மாலையும் இல்லை, மேளமும் இல்லை. அவரும் கூட வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பதையும் சொல்லி, என்னைத் தனியாகவே போகச் சொன்னார். பக்கத்து ஊரான பட்டாபிராமில் ரயில் ஏறினேன். வழியில் ஆவடி வருமே. துண்டைத் தலையோடு சுற்றி முகத்தை மூடிக்கொண்டு, ஜுரக்காரன் போல ஜன்னலோரம் சுருண்டுகொண்டேன்.

ஆவடியில் வண்டி நின்றது. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு பித்தளைச் சொம்பு தெரிந்தது. எங்கள் வீட்டுச் சொம்பு. நிமிர்ந்தேன். அம்மா நின்றாள்.

"தாகமா கீதாப்பா? ஒரு வா தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள், வழிப்போக்கனிடம் பேசுகிற குரலில்.

அவளுக்குச் சற்றுப் பின்னால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். முதல் தடவை என்னை வழியனுப்ப மாலை கட்டிக்கொண்டு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. நான் துண்டை விலக்காமலே அண்ணாந்து கை குவித்தேன். அம்மா கம்பிக்கு வெளியிலிருந்து ஊற்றினாள். பாதி வாயில் விழுந்தது, பாதி சட்டையில் போயிற்று. அம்மா என்று கூப்பிட வந்த வாயைத் தண்ணீர்தான் அடைத்தது.

வண்டி நகர்ந்தது. "யாருக்கா அது?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டது எனக்குக் கேட்டது.

"யாரோ பெத்த புள்ளமா. தண்ணி கேட்டுச்சு" என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். காலிச் சொம்பை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் ஆள் இருந்ததால் அன்று அவள் அழவில்லை.